சுப்ஹு நேரத்து மூட்டு இறுக்கம்: எத்தனை நிமிடம் என்று கவனியுங்கள்



சுப்ஹு பாங்கு கேட்கிறது. கண் விழித்தாயிற்று. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. போர்வையை விலக்கவே சிரமமாக இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உளூ செய்யப் போனால் குழாயைத் திருக முடியவில்லை. ஸஜ்தாவில் உள்ளங்கையைத் தரையில் ஊன்றினால் மணிக்கட்டு சுருக்கென்கிறது. இதே பெண்மணி காலை பத்து மணிக்கு மேல் சமைக்கிறார், துணி துவைக்கிறார், வீட்டைக் கூட்டுகிறார். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "காலையில எழுந்திருக்க மட்டும்தான் வலிக்குது. அப்புறம் நல்லாத்தானே இருக்கா? எல்லாம் சோம்பல்."

இந்தப் பேச்சு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. மாமியார் சொல்வார், கணவர் சொல்வார், சில சமயம் பெற்ற தாயே சொல்வார். ஆனால் மருத்துவம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. காலையில் இறுகிப் பிடித்திருந்து பகல் ஏற ஏற இளகும் மூட்டு, சில நோய்களின் முதல் அடையாளம். அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட்டால், குணப்படுத்த ஏற்ற மாதங்கள் கையைவிட்டுப் போய்விடும். காலை இறுக்கம் ஏன் வருகிறது, எது சாதாரணம், எது அவசரம் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. இரவில் மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. எலும்பின் முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு சுரக்கும் வழுவழுப்பான நீர்தான் மூட்டுக்கு எண்ணெய். கை காலை அசைக்க அசைக்க அந்த நீர் மூட்டு முழுவதும் பரவுகிறது. அசைக்காமல் வைத்திருந்தால் சற்றுக் கெட்டிப்படுகிறது. கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டு நாலு தடவை ஆட்டினால் இளகுவது போலத்தான். வயதானவர்கள் நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போது முதல் சில அடிகள் தடுமாறுவது இதனால்.

இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அழற்சி. சவ்வே வீங்கிச் சூடேறினால் அதில் நீர் கோத்துக்கொள்கிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பின்னிரவில் இரத்தத்தில் அதிகமாகின்றன. அழற்சியை அடக்க நம் உடலே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனோ நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருந்து விடியும்போதுதான் ஏறுகிறது. எனவே தஹஜ்ஜத், சுப்ஹு நேரங்களில் இறுக்கம் மிகுதியாகவும், ளுஹர் வரும்போது குறைந்தும் இருக்கிறது. அந்தப் பெண்மணி காலையில் முடியாமலும் பகலில் முடிந்தும் இருப்பதற்கு உடல் சொல்லும் விளக்கம் இது. அவர் நடிக்கவில்லை.

2. கடிகாரத்தைப் பாருங்கள்

காலை இறுக்கத்தில் மருத்துவர் முதலில் கேட்பது "வலி எவ்வளவு?" என்று அல்ல. "எழுந்ததிலிருந்து கை கால் இயல்புக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது?" என்றுதான். பெரும்பாலோர் "ரொம்ப நேரம் டாக்டர்" என்பார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நிமிடக் கணக்கு வேண்டும்.

பொதுவான கணக்கு இது. ஐந்து, பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் இளகிவிட்டால் அது பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்தையும் தாண்டி நீடித்தால் அழற்சி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இடைப்பட்ட நேரமாக இருந்தால் வீக்கம் இருக்கிறதா, எந்த மூட்டுகள், எத்தனை வாரம் என்பவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு மட்டுமே நோயை முடிவு செய்துவிடாது. ஆனாலும் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை மருத்துவருக்குக் காட்டும்.

பௌர்ணமி இரவு முழுவதும் கடையில் நின்று வியாபாரம் பார்த்தவருக்கும், கல்யாண வீட்டில் பெரிய தேக்சா தூக்கியவருக்கும் மறுநாள் உடம்பு பிடித்துக்கொள்ளும். ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். அது நோயல்ல. வாரக்கணக்கில் தொடர்வதைத்தான் கவனிக்க வேண்டும்.

3. அரை மணிக்குள் இளகினால்: மூட்டுத் தேய்மானம்

ஐம்பதைத் தாண்டிய நம் தாய்மார்களிடம் அதிகம் காண்பது இது. முழங்கால்தான் முதலில் பாதிக்கப்படும். காலையில் சிறிது நேரம் இறுக்கம் இருக்கும். பிறகு மாடிப்படி ஏறும்போது, தரையிலிருந்து எழும்போது, இந்தியக் கழிப்பறையில் குந்தும்போது வலிக்கும். ஓய்வெடுத்தால் குறையும். அழற்சி நோய்க்கு நேர் எதிர் இது. அங்கே ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும்.

தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி ஆக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஆனால் வலியைக் குறைக்கவும் நடையைக் காக்கவும் நிறையச் செய்யலாம். முதலாவது உடல் எடை. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐந்து கிலோ குறைத்தவரின் முழங்காலுக்கு ஓர் அடிக்கு இருபது கிலோ மிச்சம்.

இரண்டாவது தொடைத் தசைக்கு வலு. படுக்கையில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முழங்காலால் துண்டைக் கீழே அழுத்தி ஐந்து வரை எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். பத்து முறை, காலையும் மாலையும். மூட்டு வலிக்கிறது என்று நடப்பதையே நிறுத்துபவர்களுக்குத் தசை மெலிந்து வலி கூடும். சமதளத்தில் வலி தாங்கும் அளவுக்கு நடப்பது நல்லது.

4. ஒரு மணி நேரத்தையும் தாண்டினால்: சரவாங்கி

முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் நம் பெரியவர்கள் சொன்ன நோய் இது. வெளிக் கிருமிகளோடு போராட வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, தவறாகத் தன் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. நூறு பேரில் ஒருவருக்கோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ வரக்கூடியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயதிலேயே வந்துவிடும். எனவே "இந்த வயசுல என்ன மூட்டு வலி?" என்று கேட்பது தவறு.

அடையாளங்கள்: விரல் கணுக்கள், மணிக்கட்டு, முன்பாதம் போன்ற சிறிய மூட்டுகளில் வீக்கம் இருக்கும். பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒன்றுபோல வரும். கை குலுக்கினாலோ, விரல்களின் அடிக்கணுக்களைப் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தினாலோ துடிக்கும். மோதிரம் இறங்காது. சப்பாத்தி மாவு பிசைய முடியாது. கூடவே களைப்பும் பசியின்மையும் லேசான காய்ச்சலும் இருக்கலாம்.

ஆறு வாரம் இப்படித் தொடர்ந்தால் காத்திருக்கக் கூடாது. அழற்சி நீடிக்க நீடிக்கச் சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. அரித்த எலும்பு திரும்ப வளராது. விரல்கள் கோணியபின் எந்த மருந்தாலும் நேராகாது. நோய் தொடங்கிய முதல் சில மாதங்களில் சரியான மருந்தைத் தொடங்கியவர்களில் பலர், கை கோணாமல், வேலை கெடாமல் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். ஒரே நோய் இரண்டு விதமாக முடிவதற்கு எப்போது மருத்துவரிடம் போனார்கள் என்பது பெரிய காரணம்.

பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. ஆர்.ஏ. ஃபேக்டர் சோதனை "நெகட்டிவ்" என்று வந்ததால் நோய் இல்லை என்று வீட்டுக்கு வந்துவிடுபவர்கள் உண்டு. இந்த நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவாகவும் வரும். ஆன்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போன்றவற்றையும், எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கும் வீக்கத்தையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

புகையும் புகையிலையும் பற்றியும் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. வந்தபின் கடுமையாகவும் இருக்கிறது.

5. இளைஞரின் முதுகு இறுக்கம்

இருபது, முப்பது வயதுத் தம்பி. பின்னிரவில் கீழ்முதுகு வலியால் விழிப்பு வருகிறது. காலையில் ருகூவுக்குக் குனிய முடியவில்லை. நடந்து, வேலையில் இறங்கினால் சரியாகிறது. ஞாயிற்றுக்கிழமை படுத்தே இருந்தால் இன்னும் மோசமாகிறது. "பைக் ஓட்டி டிஸ்க் விலகியிருக்கும்" என்று பெல்ட் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறார்.

டிஸ்க் வலி பொதுவாக ஓய்வில் குறையும். ஓய்வில் கூடி அசைவில் குறையும் முதுகு வலி, நாற்பத்தைந்து வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், முதுகெலும்பு அழற்சி நோயை நினைக்க வேண்டும். ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்பது அதன் பெயர். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, கூன் விழுந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் போகலாம். இடையிடையே ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி வலித்தால் அதையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. இந்த நோய்க்கு உடற்பயிற்சியும் மருந்தைப் போலவே முக்கியம்.

6. காய்ச்சலுக்குப் பின் வரும் இறுக்கம்

சிக்குன்குனியாவை நம் ஊரில் பலர் அனுபவித்திருப்பார்கள். 1952-53-ல் ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியா நாட்டில், முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. அங்குள்ள மகொண்டே மொழியில் அந்தப் பெயருக்கு "வளைந்து போவது" என்ற பொருள். வலியால் மனிதர் குனிந்து நடப்பதைப் பார்த்து வைத்த பெயர். 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் அது கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் அந்தப் பரவலை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். பிறகு பல ஆண்டுகள் நாட்டில் அடங்கியிருந்த நோய் 2005-ல் திரும்பி வந்தது. 2006-ல் மட்டும் இந்தியா முழுவதும் 13 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டு இறுக்கம் பலருக்குச் சில வாரங்களில் தீரும். சிலருக்கு மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். சரவாங்கி போலவே காலையில் விரல்கள் மடங்காது. எனவே மருத்துவரிடம் போகும்போது, கடந்த ஓராண்டில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்ததா என்பதைச் சொல்லுங்கள். "சிக்குன்குனியா வலிதான், தானே போகும்" என்று நீங்களே முடிவு செய்து மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியையும் டிரம்மையும் மூடி வைப்பது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவது, இவைதான் தடுப்பு. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

7. வேறு காரணங்கள்

சர்க்கரை நோய்: பல ஆண்டுகளாகச் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்குக் கைவிரல்கள் இறுகும். இரண்டு உள்ளங்கைகளையும் விரல்களையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தோள் இறுகி, தக்பீருக்குக் கையை உயர்த்த முடியாமல் போவதும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம்.

தைராய்டு குறைவு: உடல் கனம், மலச்சிக்கல், முடி உதிர்தல், குளிர் தாங்காமை ஆகியவற்றோடு மூட்டும் தசையும் இறுகும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வைட்டமின் டி குறைவு: வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இது அதிகம். நம் பெண்களும் முதியவர்களும் கவனிக்க வேண்டும். மூட்டைவிட எலும்பும் தசையும் வலிக்கும். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது. மறைவான மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ முகத்திலும் கைகளிலும் வெயில் படும்படி சிறிது நேரம் இருக்கலாம். ஊசியும் மாத்திரையும் மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே. அதிகமானால் அதுவும் கெடுதல்.

செதில் செதிலாகத் தோல் உதிரும் சோரியாசிஸ் நோய்: இது உள்ளவர்களுக்கு மூட்டு அழற்சியும் வரலாம். தோல் மருத்துவரிடம் மூட்டைப் பற்றியும், மூட்டு மருத்துவரிடம் தோலைப் பற்றியும் சொல்லுங்கள்.

குழந்தைகள்: காலையில் நொண்டி நடந்து, மதியம் ஓடியாடும் குழந்தையை, "மதரஸாவுக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான்" என்று அடிக்காதீர்கள். பதினாறு வயதுக்குள்ளும் மூட்டு அழற்சி நோய் வரும். ஆறு வாரம் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இவர்களுக்குக் கண்ணையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

அன்றே போக வேண்டியவை: திடீரென ஒரே ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அது சீழ்ப் பிடித்த மூட்டாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். கை கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ அதுவும் அவசரம்.

8. மூன்று நாளில் குணமாக்கும் பொடி

முகவரி இல்லாத பொட்டலத்தில் ஒரு பொடி. பெயர் இல்லாத உருண்டை. சாப்பிட்ட மூன்றாம் நாள் வலி பறந்துவிடுகிறது. நமக்குச் சந்தோஷம். ஆனால் இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், சரவாங்கியால் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை முதன்முதலாகக் கொடுத்தார். சில நாளில் அவர் எழுந்து நடந்து கடைவீதிக்கே போய் வந்தார். உலகமே வியந்தது. 1950-ல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் விரைவிலேயே மறுபக்கம் தெரிந்தது. அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தால் முகம் உப்புகிறது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, எலும்பு பலமிழக்கிறது, கிருமித் தொற்று எளிதில் வருகிறது.

பெயரில்லாத பொடிகள் பலவற்றில் கலந்திருப்பது இதே ஸ்டீராய்டுதான். மருத்துவர் கையில் அது நல்ல மருந்து. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் விஷம். வலி தெரியாவிட்டாலும் உள்ளே எலும்பு அரிப்பு தொடரலாம். ஏற்கெனவே இப்படிப் பொடி சாப்பிட்டு வருபவர்கள் பயந்துபோய்த் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

ஹிஜாமா செய்துகொள்பவர்களும், கருஞ்சீரக எண்ணெய் தடவுபவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அவற்றுக்காக மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

9. மெதோட்ரெக்சேட்: தெரிந்துகொள்ள வேண்டியது

சரவாங்கிக்கு உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மருந்து இது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் 1940-களில் உருவான மருந்துகளில் ஒன்று. முதலில் இரத்தப் புற்றுநோய்க்காகப் பயன்பட்டது. அதனால் "கேன்சர் மாத்திரை கொடுத்துவிட்டார்" என்று சிலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மூட்டு நோய்க்குக் கொடுக்கும் அளவு மிகக் குறைவு.

நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள். முதலாவது, இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வெள்ளிக்கிழமை போல ஒரு நாளை நிச்சயித்து, மாத்திரை அட்டையில் எழுதி வையுங்கள். இரண்டாவது, மருத்துவர் எழுதும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைச் சொன்ன நாளில் எடுங்கள். மூன்றாவது, சொன்ன இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நான்காவது, கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணும், குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் வேறு பாதுகாப்பான மருந்துக்கு மாற்றித் தருவார். இந்த நோய் உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். நோயை மறைக்கத் தேவையில்லை.

மருந்தின் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு.

ரமலானில் நோன்பு வைக்க விரும்புபவர்கள் ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்து மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள் வலி மாத்திரையை மருந்துக்கடையில் தாமாக வாங்கவே கூடாது.

10. காலை நேரத்தை இலேசாக்க

பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பே அலாரம் வையுங்கள். எழுந்திருக்காமல் படுக்கையிலேயே விரல்களை மெல்ல மூடித் திறங்கள். மணிக்கட்டையும் கணுக்காலையும் சுழற்றுங்கள். முழங்காலை மடக்கி நீட்டுங்கள். மார்கழிக் குளிரில் வெதுவெதுப்பான நீரில் உளூ செய்யுங்கள். கைகளை ஐந்து நிமிடம் அந்த நீரில் வைத்திருப்பதும் இறுக்கத்தைக் குறைக்கும். திருகு குழாய்க்குப் பதில் தட்டித் திறக்கும் குழாய், உளூ செய்ய ஒரு முக்காலி, கழிப்பறையில் பிடித்தெழ ஒரு கம்பி. பெரிய செலவில்லை. வீட்டில் உள்ள ஆண்கள் ஒரு நாளில் செய்து கொடுத்துவிடலாம்.

தொழுகை பற்றிப் பலருக்கு மனக்கவலை இருக்கிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. வீங்கிய மூட்டை வலுக்கட்டாயமாக மடக்கிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நிலையைச் சொல்லி ஆலிமிடம் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் ஒருவர் நாற்காலியில் தொழுவதைப் பார்த்து, "நல்லாத்தானே நடந்து வந்தார்?" என்று பேசுபவர்களும் இந்தப் பாடத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

11. எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

முதலில் நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். தேவைப்பட்டால் மூட்டுவாத நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ரூமட்டாலஜி என்ற தனித் துறை சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், இங்கிருந்து சுமார் 80 கி.மீ. தூரத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது. வீட்டை விட்டு வர முடியாத முதியவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

போவதற்கு முன் ஒரு வாரம், பழைய நோட்டில் தினமும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்:

எழுந்த நேரம்.
கை கால் இயல்பான நேரம்.
எந்தெந்த மூட்டு, ஒரு பக்கமா, இரு பக்கமுமா.
வீக்கம் உண்டா. முடிந்தால் காலையிலேயே செல்போனில் கையைப் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் வீக்கம் வடிந்திருக்கலாம்.
சாப்பிட்ட மருந்து, பொடி, எண்ணெய் எல்லாம்.

எழுதத் தெரியாத நன்னிமார்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள்.

திரும்பப் பார்ப்போம்

கேள்வி: காலையில் பத்து நிமிட இறுக்கம், மாடி ஏறினால் முழங்கால் வலி. எது?
பதில்: பெரும்பாலும் தேய்மானம். எடைக் குறைப்பும் தொடைப் பயிற்சியும் உதவும்.

கேள்வி: இரண்டு மாதமாக இரு கை விரல்களிலும் வீக்கம், ஒன்றரை மணி நேர இறுக்கம், ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். சும்மா இருக்கலாமா?
பதில்: கூடாது. உடனே நிபுணரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: முதுகு வலி ஓய்வில் கூடுகிறது, நடந்தால் குறைகிறது. டிஸ்க்கா?
பதில்: முதுகெலும்பு அழற்சியாக இருக்கலாம். பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: மெதோட்ரெக்சேட் எத்தனை நாளுக்கு ஒருமுறை?
பதில்: வாரம் ஒரே ஒரு நாள்.

கடைசியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நாளை காலை உங்கள் வீட்டில் யாராவது எழுந்திருக்கச் சிரமப்பட்டால், "என்ன சோம்பல்?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு நேரமாகுது கை சரியாக? எத்தனை வாரமா இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் ஒரு தாயின் கை கோணாமல் காக்கப்படலாம்.

நோயுற்ற நம் உறவுகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.